கட்டி தந்த அமைதி

2014 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ ஒரே இதழில் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. நோய் ஒன்று, மருந்தும் ஒன்று. நோய், மூளையில் எழும் கட்டிகளில் மிகக் கொடியதான க்ளையோபிளாஸ்டோமா. மருந்து, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புதுக் குழாய்கள் முளைக்காமல் தடுக்கும் பெவசிசுமாப். ஓர் ஆய்வில் 921 பேர், இன்னொன்றில் 637 பேர். கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை என்ற வழக்கமான சிகிச்சையோடு இதையும் சேர்த்தால் ஆயுள் நீளுமா? நீளவில்லை என்று இரண்டுமே சொல்லிவிட்டன. கட்டி மறுபடி தலைகாட்டுவது மூன்று நான்கு மாதம் தள்ளிப்போனது, சாவு தள்ளிப்போகவில்லை. இதுவரை பிணக்கு இல்லை. அந்த மூன்று நான்கு மாதத்தை நோயாளி எப்படிக் கழித்தார் என்று கேட்டபோதுதான் இரண்டும் இரண்டு திசையில் போயின. வாழ்க்கைத் தரம் கூடுதல் காலம் குறையாமல் நின்றது என்றது ஒன்று. நோயின் தொந்தரவுகள் கூடின, வாழ்க்கைத் தரம் சரிந்தது, நினைவும் யோசனையும் மங்கின என்றது மற்றது.

இந்த முரண்பாட்டுக்கு நிபுணர்கள் சொன்ன காரணங்கள் நியாயமானவை. கேள்வித்தாளை எல்லோரும் கடைசிவரை நிரப்புவதில்லை. உடம்புக்கு முடியாதவர்கள்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், ஆகவே மாதங்கள் போகப்போக மிஞ்சுவது தெம்பாக இருப்பவர்களின் பதில். இரண்டாவது ஆய்வில் கேள்வித்தாளோடு தேர்வும் வைத்தார்கள். பன்னிரண்டு சொற்களை வாசித்துக் காட்டி, இருபது நிமிடம் போல் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது. தாளில் சிதறிக் கிடக்கும் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கச் சொல்வது. ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்துக்குள் அடுக்கச் சொல்வது. முதல் ஆய்வில் இவ்வளவு நுணுக்கமான தேர்வு இல்லை. எல்லாம் சரி. ஆனால் புள்ளியியலால் தீராத ஒரு சிக்கல் அடியில் கிடக்கிறது. நுரையீரலில் கட்டி வந்தவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், நோய்ப்பட்ட உறுப்பு வேறு, பதில் சொல்லும் உறுப்பு வேறு. மூளையில் கட்டி வந்தவரிடம் இரண்டும் ஒன்றே. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று அவர் குறியிட்டால், அந்தக் குறியை எதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வது? மருத்துவத்துக்குள் பிறந்த இந்தக் கேள்விக்கு மருத்துவத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். தத்துவத்தையும் சமயத்தையும் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் சமயமும் தன் பழக்கம் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டிவரும்.

நோயாளியைக் கேட்பது என்பதே மருத்துவத்தில் தாமதமாக வந்த பழக்கம். 1940களின் இறுதியில் டேவிட் கார்னோஃப்ஸ்கியும் ஜோசப் பர்ச்செனாலும் வகுத்த அளவுகோலில், மருத்துவர்தான் பார்த்து எண் போடுவார். குறையேதும் இல்லாதவருக்கு 100, இறந்தவருக்கு 0, நடுவில் பத்துப் பத்தாக இறங்கும் படிகள். தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொள்கிறார், ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை என்றால் 70. இன்றைக்கும் மூளைக்கட்டி ஆய்வுகளில் யாரைச் சேர்ப்பது என்பதை இந்த எண் பெருமளவு தீர்மானிக்கிறது. நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு அதில் இடமில்லை. ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் முப்பது கேள்விகள் கொண்ட தாளும், மூளைக்கட்டிக்கென்றே சேர்த்த இருபது கேள்விகளும் 1990களில்தான் வந்தன. தலைவலி உண்டா, வலிப்பு வந்ததா, பார்வை இரண்டாகத் தெரிகிறதா, நினைத்ததைச் சொல்லச் சொற்கள் கிடைக்கின்றனவா, சிறுநீரை அடக்க முடிகிறதா, வருங்காலத்தை நினைத்தால் நிச்சயமில்லாமல் இருக்கிறதா என்று அவை கேட்கின்றன. நோயாளியின் வாழ்க்கையைப் பற்றி நோயாளியைக் கேள் என்ற இந்தத் திருப்பம், அறிவியல் முன்னேற்றம் என்பதைவிட அறத்தின் முன்னேற்றம். அதைக் கைவிட்டுவிட்டு மருத்துவரின் எண்ணுக்கே திரும்பிப் போகலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

ஆனால் கேட்டபின் கிடைக்கும் பதில் என்ன பதில்? நினைவாற்றலைப் பற்றி நோயாளி சொல்வதும் நினைவுத் தேர்வில் அவர் வாங்கும் மதிப்பெண்ணும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி இது. மறதி தாங்கவில்லை என்று வருந்துகிறவர் தேர்வை நன்றாகவே செய்வார், அவருடைய வருத்தம் சோர்வோடும் மனத்தளர்ச்சியோடும்தான் ஒட்டிப்போகும். ஒரு குறையும் இல்லை என்பவர் தடுமாறுவார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலில் சேதம் என்றால், குறையை உணரும் திறனே குறைபட்டுவிடுவதுண்டு. வீட்டாரைக் கேட்டுச் சரிபார்க்கலாமே என்றால் அங்கும் இடறுகிறது. நோயாளி தெளிவாக இருக்கும்வரை அவர் சொல்லும் வீட்டார் சொல்லும் ஓரளவு ஒத்திருக்கும். அவர் குழம்பத் தொடங்கியபின் இரண்டும் விலகும். வீட்டாரின் சொல் எப்போது அவசியமோ அப்போதுதான் அது நோயாளியின் சொல்லோடு பொருந்தாமல் போகிறது.

இந்தச் சிக்கலை அதன் உச்சத்தில் காட்டும் ஒரு மனிதர் நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸின் எழுத்தில் வருகிறார். 1995-ல் நூலாக வந்த ‘ஆன் ஆந்த்ரோபாலஜிஸ்ட் ஆன் மார்ஸ்’ தொகுப்பில் அவருக்கு கிரெக் என்று பெயர். நியூயார்க்கில் ஹிப்பி காலத்துக் கலகக்கார இளைஞராக இருந்தவர் கிருஷ்ண பக்தி இயக்கத்தில் சேர்ந்து, நியூ ஆர்லியன்ஸில் உள்ள கோயிலுக்கு அனுப்பப்பட்டார். பிறகு அவருடைய கண் மங்கியது. உள்ளொளி வளர்கிறது என்று அங்கே சொன்னார்கள். துடிப்பு அடங்கியது, ஆசைகள் போயின, முகத்தில் எப்போதும் ஒரு மாறாத புன்னகை. பக்குவம் வந்துவிட்டது என்று உடனிருந்தவர்கள் வியந்தார்கள். 1970களின் நடுவில் பெற்றோர் நேரில் போய்ப் பார்த்தபோது மகன் முழுக்கக் குருடாகி, உடல் பருத்து உட்கார்ந்திருந்தார். மண்டைக்குள் நடுவே பெரிய கட்டி. பிட்யூட்டரி சுரப்பியையும் பார்வை நரம்புகள் கூடும் இடத்தையும் அழித்துவிட்டு முன்மடல்களுக்குள் பரவியிருந்தது. புற்றுநோய்க் கட்டிகூட அல்ல, மெனிஞ்சியோமா என்ற சாதாரண வகை. காலத்தோடு பார்த்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. அறுவை சிகிச்சையில் கட்டி போயிற்று, போன மூளை திரும்பவில்லை. 1960களுக்குப் பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. தான் குருடு என்பதும் அவருக்குத் தெரியாது. கேட்டால் குறையொன்றும் இல்லை என்பார். வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை அவரிடம் கொடுத்திருந்தால் பல ஆரோக்கியமானவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கியிருப்பார்.

கோயிலில் இருந்தவர்களைக் கேலி செய்வது எளிது. அவர்கள் செய்த பிழையின் வேர் நம் எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் நான் அதில் இறங்கவில்லை. இன்பத்தில் துள்ளாத, துன்பத்தில் துவளாத நிலையை உயர்ந்த நிலை என்று கீதை முதல் பௌத்தம் வரை நம் மரபுகள் கொண்டாடுகின்றன. அந்த நிலையை வெளியிலிருந்து அடையாளம் காண நமக்கு இருப்பது அமைதி ஒன்றுதான். அமைதியைக் கண்டதும் அதன் காரணத்தைக் கேட்காமல் கைகூப்பிவிடுகிறோம். மரபுகளின் உள்ளே போய்ப் பார்த்தால் அவை இவ்வளவு அசட்டையாக இல்லை. சைவ சித்தாந்தம் உயிருக்கு மூன்று நிலைகளைச் சொல்கிறது. கருவி எதுவும் கூடாமல் ஆணவ இருளில் அறிவும் விருப்பும் செயலும் இன்றிக் கிடப்பது கேவலம். மனம், புத்தி முதலிய கருவிகளோடு கூடி உலகத்தை அறிந்து அனுபவிப்பது சகலம். திருவருளால் கட்டு நீங்கி அறிவே வடிவாக நிற்பது சுத்தம். கேவலத்திலும் ஆரவாரம் இல்லை, சுத்தத்திலும் ஆரவாரம் இல்லை. வெளியில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் சித்தாந்தம் அவற்றை ஏணியின் இரண்டு முனைகளில் வைத்தது. புத்தகோசரின் ‘விசுத்திமக்கம்’ இதே எச்சரிக்கையை வேறு விதமாகத் தருகிறது. சமநிலைக்குத் தூரத்துப் பகை விருப்பும் வெறுப்பும், அண்டைப் பகை அறியாமையால் வரும் அக்கறையின்மை. அண்டைப் பகை என்று சொல்லக் காரணம், அது சமநிலையின் முகச்சாயலோடு வந்து நிற்பதுதான். கிரெக்கைச் சுற்றியிருந்தவர்கள் கேவலத்தைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் கிரெக்கின் ‘நன்றாக இருக்கிறேன்’ பொய்யா? இங்கேதான் நான் சொல்ல வந்தது வருகிறது. எப்படி இருக்கிறீர்கள் என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் சிக்கிக்கிடக்கின்றன. இன்றைய பொழுது இவருக்கு எப்படிப் போகிறது என்பது ஒன்று. இவர் எதையாவது இழந்திருக்கிறாரா என்பது மற்றது. முதல் கேள்விக்கு நோயாளியின் சொல்லே முடிந்த முடிவு, கட்டி தொட்ட மூளையிலிருந்து வந்தாலும் சரி. இரண்டாவது கேள்விக்கு அவர் சொல் ஒரு சாட்சி மட்டுமே, மறுக்கத் தக்க சாட்சி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒரே எண்ணாக்கும்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. அவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே, சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று இழப்பை இல்லாமல் ஆக்குவது முதல் தவறு. இப்படி இருப்பதெல்லாம் ஒரு இருப்பா என்று அவருடைய சந்தோஷத்தை இல்லாமல் ஆக்குவது இரண்டாவது. முதலாவது சமயவாதிகளுக்கும் ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கும் பிடித்தது. இரண்டாவது படித்தவர்களுக்குப் பிடித்தது.

தன் குறையையே அறியாதவரின் சொல்லை எந்த விஷயத்திலும் எப்படி நம்புவது என்று முதல் மறுப்பு வரும். அறியாமல் போவது எது என்று பார்க்க வேண்டும். 1928 டிசம்பரில் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் தன் சொந்த அக்காவின் மூளையைத் திறந்து, கட்டியோடு வலது முன்மடலின் பெரும்பகுதியையும் எடுத்தார். ஆறு பிள்ளைகளின் தாய் அவர். பிழைத்து வீடு திரும்பினார், பேச்சிலும் பழக்கத்திலும் பெரிய குறை தெரியவில்லை. ஏறக்குறைய பதினைந்து மாதம் கழித்து ஒரு நாள் தம்பியைச் சாப்பிட அழைத்தார். விருந்தாளி ஒருவர், வீட்டார் நால்வர், அவ்வளவுதான். முன்பெல்லாம் அவருக்கு இது கைவந்த வேலை. சாப்பாட்டு நேரத்தில் தம்பி சமையலறைக்குப் போய்ப் பார்த்தால், வேண்டிய பொருள் எல்லாம் இருக்கிறது, அடுப்பில் ஒன்றிரண்டு ஏறியிருக்கின்றன, காய் கலவை தயாராகவில்லை, இறைச்சி அடுப்பிலேயே ஏறவில்லை, வெகுநேரமாகத் தனியாகப் போராடியதில் அக்கா கலங்கிப்போய் நிற்கிறார். கூட ஒருவர் கைகொடுத்ததும் எல்லாம் விரைவில் ஆயிற்று. 1935-ல் ‘பிரெய்ன்’ இதழில் வந்த கட்டுரையில் பென்ஃபீல்ட் இதைப் பதிவு செய்தார். எந்தத் தேர்வும் பிடிக்காத குறையை ஒரு வேளைச் சமையல் பிடித்துவிட்டது. இந்த விருந்தை என்னால் செய்ய முடியும் என்ற அவர் கணிப்பு தவறாகிவிட்டது. அந்தக் கலக்கத்தில் தவறு எதுவும் இல்லை. வண்டி ஓட்ட முடியுமா, கணக்கு வழக்கைப் பார்க்க முடியுமா, மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேனா என்பவை உலகத்தைப் பற்றிய கூற்றுகள். அவற்றில் நோயாளி பிழைபடலாம், அங்கே தேர்வையும் வீட்டாரையும் நம்பலாம். வலிக்கிறது, பயமாக இருக்கிறது, இந்தப் பாட்டு பிடித்திருக்கிறது என்பவற்றில் அவரைத் திருத்த வேறு யாருக்கும் தகுதி கிடையாது.

கிரெக்கின் கதையிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. அவருடைய தந்தை இறந்தார். சொன்னால் அதிர்ந்துபோவார், சில நிமிடங்களில் மறந்துவிடுவார். மறுபடி சொன்னால் மறுபடி முதல்முறைபோல் அதிர்ச்சி. ஆகவே சொல்வதை நிறுத்தினார்கள். பிறகு இரவுகளில் படுக்கையைவிட்டு எழுந்து அலையத் தொடங்கினார். கேட்டால் எதையோ தொலைத்துவிட்டேன், தேடுகிறேன் என்பார். எதை என்று சொல்லத் தெரியாது. குறையொன்றும் இல்லை என்று சொல்லும் அதே வாய்தான் இதையும் சொன்னது. இழப்பைப் பற்றிய செய்தி அவரிடம் இல்லை, இழப்பு இருந்தது. சேதப்பட்டவரின் சொல் அத்தனையும் வெறும் சேதத்தின் ஓசை என்று தள்ளுகிறவர்கள் இந்த இரவுகளையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டியிருக்கும்.

அடுத்த மறுப்பு இன்னும் பலமானது. சட்ட மெய்யியலாளர் ரொனால்ட் டுவொர்கின் 1993-ல் வெளியிட்ட ‘லைஃப்ஸ் டொமினியன்’ நூலில் அதை வைத்தார். மனிதனுக்கு இன்பதுன்பங்கள் மட்டும் இல்லை, தன் வாழ்க்கை எப்படி அமைய வேண்டும் என்ற தீர்மானமும் உண்டு. அறிவு தெளிந்திருந்த காலத்தில் ஒருவர், இப்படியொரு நிலைக்கு நான் வந்தால் என்னை வைத்திருக்காதீர்கள் என்று எழுதிவைத்திருந்தால், இன்று அவர் சிரித்துக்கொண்டிருந்தாலும் அன்றைய எழுத்துக்கே மதிப்புத் தர வேண்டும் என்பது அவர் முடிவு. மறதிநோயை முன்வைத்து அவர் சொன்னது மூளைக்கட்டிக்கும் அப்படியே பொருந்தும். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நான் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியின் பக்கம் நின்று அது பேசுகிறது. இழந்ததை அளக்கும் கோல் முந்தைய ஆளிடம்தான் இருக்கிறது. நான் மறுப்பது அந்தக் கோலை முதல் கேள்விக்கும் நீட்டுவதை. நலமாக இருக்கும் மனிதர் நோயுற்ற தன் நாளைக் கற்பனை செய்யும்போது கிட்டத்தட்ட எப்போதும் இருட்டாகவே கற்பனை செய்கிறார். உடல் முழுதும் செயலிழந்து கண்ணசைவால் மட்டும் பேசுகிற 65 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வந்தது. அவர்களில் 47 பேர் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றார்கள், 18 பேர் இல்லை என்றார்கள். இவர்களுடைய சிந்தனைக்குச் சேதம் இல்லை, ஆகவே அவர்களுடைய பதிலைக் கட்டியின் தலையில் கட்டிவிட முடியாது. வெளியில் நின்று கற்பனை செய்தவன் தவறிவிட்டான் என்பதே பொருள். முந்தைய ஆளின் விருப்பத்தை மதிக்கலாம், மதிக்க வேண்டும். தேவையற்ற குழாய்களும் வென்டிலேட்டரும் வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால் அது கட்டுப்படுத்தும். இன்று காலை இட்லியைச் சுவைத்துச் சாப்பிடுகிறவரிடம், உங்களுக்கு இது பிடிக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அந்த எழுத்துக்கு வராது.

முந்தைய ஆளே இல்லாத நோயாளிகளும் உண்டு. நான்கு வயதில் மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்றுப் பிழைத்த குழந்தைக்கு, முன்பு இருந்ததைவிடக் குறைந்துவிட்டேன் என்று ஒப்பிட எதுவுமில்லை. தான் வளர்ந்த விதமே அதற்கு இயல்பு. ஆனாலும் இழப்பு நிஜம். இங்கே காணாமல்போவது இருந்த ஆள் அல்ல, வரவிருந்த ஆள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 3 முதல் 25 வயது வரையிலான 200 பேரை வைத்து நடத்திய ஆய்வை இதனால்தான் பெரிதாக மதிக்கிறேன். கதிர்களைக் கட்டியின் வடிவத்துக்கு இறுக்கமாகக் குவிக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையையும் வழக்கமான முறையையும் ஐந்தாண்டு பின்தொடர்ந்து ஒப்பிட்டார்கள். உயிர்பிழைப்பில் வேறுபாடு இல்லை. அறிவுத்திறனும் ஹார்மோன் சுரப்பும் குவித்த முறையில் மேலாகக் காக்கப்பட்டன. 2017-ல் வந்த இந்த முடிவை எந்தக் குழந்தையின் சொல்லும் தந்திருக்க முடியாது, ஏனென்றால் எந்தக் குழந்தைக்கும் தான் இழந்தது தெரியாது. சந்தோஷமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் பழைய முறையே போதும் என்று முடிவாகியிருக்கும்.

சமயத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு வேறு. உயிர் அழியாதது, மூளை அதன் கருவி, கருவி பழுதானால் உயிருக்கு என்ன நட்டம்? ஆறுதலாகச் சொல்லப்படும்போது இதைக் குறை சொல்ல மனம் வராது. வாதமாகச் சொல்லப்பட்டால் அதை எதிர்ப்பது சித்தாந்தமே. கருவிகளும் உடலும் உலகமும் உயிர் தன் அறிவை விளக்கிக்கொள்வதற்காக இறைவன் கூட்டித் தந்தவை என்பது அதன் அடிப்படை. பொழுது புலரும்வரை இருட்டில் கையில் பிடித்த விளக்கு என்ற பொருளில் உமாபதி சிவம் அவற்றைப் பேசுகிறார். புலர்வதற்கு முன் விளக்கு அணைந்தால், கண் இருக்கிறதே என்பது பதிலாகாது. கண் இருந்தும் பார்க்க முடியாமல் போவதுதான் அங்கே நட்டம். உயிர் வேறு கருவி வேறு என்று நம்புகிறவருக்கே இழப்பின் கனம் அதிகம் புரிய வேண்டும்.

சமயத்துக்கு எதிர்ப்பக்கமிருந்தும் ஒன்று வரும். இத்தாலியில் 88 மூளைக்கட்டி நோயாளிகளிடம் அறுவைக்கு முன்னும் பின்னும், தன்னைக் கடந்த பெரிய ஒன்றோடு கலந்துவிட்ட உணர்வு எவ்வளவு உண்டு என்பதை அளந்தார்கள். மூளையின் பின்மேல் பகுதியில் வெட்டு விழுந்தவர்களுக்கு அந்த உணர்வு கூடியிருந்தது. முன்பகுதியில் வெட்டுப்பட்டவர்களிடம் அந்த ஏற்றம் இல்லை. 2010-ல் ‘நியூரான்’ இதழில் இது வந்ததும், பார்த்தீர்களா, ஆன்மிகம் என்பது மூளையின் ஒரு துண்டு போனால் வருவது என்று சிலர் குதித்தார்கள். அந்தப் பகுதி உடலின் எல்லையை, நான் இங்கே முடிகிறேன் என்ற கணக்கை வைத்திருப்பது. கணக்கு அழிந்தால் எல்லை அழிந்ததுபோல் உணர்வது வியப்பல்ல. ஆனால் பெரிய மரபு எதுவும் உணர்வை மட்டும் வைத்து யாருக்கும் பட்டம் கொடுத்ததில்லை. உணர்வுக்குப் பின் அந்த மனிதர் எப்படி நடந்துகொள்கிறார், யாரிடம் இரக்கம் காட்டுகிறார், எதைத் துறக்கத் தெரிந்து துறக்கிறார் என்றுதான் பார்த்தது. இந்த ஆய்வு கவிழ்ப்பது சமயத்தை அல்ல, அமைதியையும் பரவசத்தையும் கண்டவுடன் சான்றிதழ் எழுதும் பழக்கத்தை. அந்தப் பழக்கம் கவிழ்வதே நல்லது.

கடைசியாக வீட்டார். அவர் பழைய ஆளே இல்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான், அது வெறும் புலம்பல் அல்ல. மூளை தேயும் நோய்கள் உள்ளவர்களின் உறவினர் 248 பேரிடம் நினா ஸ்ட்ரோமிங்கரும் ஷான் நிக்கல்ஸும் கேட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஆளே மாறிவிட்டார் என்ற எண்ணத்தை மறதி அவ்வளவாக உண்டாக்கவில்லை. இரக்கமும் நேர்மையும் போன்ற குணங்கள் மாறியதுதான் உண்டாக்கியது. முன்மடல் கட்டி பல வேளைகளில் தொடுவது அதைத்தான். இறந்தவருக்கு நம் வீடுகளில் பதினாறாம் நாள் வரை ஒவ்வொரு நாளுக்கும் செய்ய ஒன்று உண்டு. இருந்துகொண்டே மாறிப்போனவருக்காக அழ ஒரு நாள்கூடக் குறிக்கப்படவில்லை. நல்லாத்தானே இருக்கார், சிரிச்சுகிட்டுதானே இருக்கார் என்று வந்து பார்ப்பவர்கள் சொல்லும்போது மனைவி தன் துயரத்தையே குற்றமாக நினைத்து ஒளிக்கிறார். இரண்டு கேள்விகளையும் பிரித்துவைத்தால் அவர் ஒளிக்க வேண்டியதில்லை. அவர் சிரிப்பதும் உண்மை, இவர் இழந்ததும் உண்மை.

ஆள் மாறிவிட்டார் என்பது உண்மையானால் பழைய ஆளுக்குக் கொடுத்த வாக்கு புதிய ஆளிடம் எப்படிச் செல்லும் என்று இதிலிருந்தே ஒருவர் கேட்கலாம். மெய்யியலில் அதற்கு நீண்ட விவாதம் உண்டு. ஆனால் விவாதத்துக்குள் போகும் முன் 2009-ல் ‘கேன்சர்’ இதழில் வந்த ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 515 நோயாளிகள், அவர்களில் பெரிய பங்கு மூளையிலேயே தோன்றிய கொடிய கட்டி உள்ளவர்கள். நோய் தெரிந்தபின் மணவாழ்க்கை முறிந்தது எத்தனை பேருக்கு? நோயாளி ஆண் என்றால் 2.9 சதவீதம், பெண் என்றால் 20.8 சதவீதம். குணத்தை மாற்றும்போது கட்டி ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. ஏழு மடங்கு வித்தியாசத்துக்கு ‘ஆள் மாறிவிட்டார்’ என்பது காரணமாக இருக்க முடியாது. அந்தச் சொல்லைக் காரணமாகச் சொல்லிப் போனவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேறொரு காரணத்துக்காகப் போனார்கள் என்பதை எந்தக் கேள்வித்தாளும் இதுவரை கேட்கவில்லை.